கட்டுவிரியன் நஞ்சும் ஏற்பிகளின் ஆயுளும்

1796-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெரிய படநூல் வெளிவந்தது. சோழமண்டலக் கடற்கரையில் திரட்டப்பட்ட பாம்புகளைப் பற்றிய அந்நூலை எழுதியவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் இருந்தவர். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் அமைந்த ஒரு பாம்புக்குத் தெலுங்கு மக்கள் வழங்கிய பெயரையே அவர் நூலில் பதிவு செய்தார்: பங்காரு பாமு, அதாவது பொன் பாம்பு. 1803-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தொதேன் அச்சொல்லுக்கு லத்தீன் வடிவம் தந்து, 'பங்காரஸ்' என ஒரு பேரினத்துக்குச் சூட்டினார். தமிழர் கட்டுவிரியன் என்று அறிந்து அஞ்சும் பாம்பும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. தைவானிலும் தென்சீனத்திலும் வாழும் அதன் உறவினத்துக்கு, பல பட்டைகள் உடையது என்னும் பொருளில், 1861-இல் பெயரிட்டவர் எட்வர்டு பிளைத். அப்போது அவர் கொல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளர்.

கிழக்குக் கடற்கரையில் பொன்னைக் குறித்த அச்சொல் இன்று நரம்பியல் ஆய்வுக்கூடங்களின் குளிர்பெட்டிகளில், சிறு குப்பிகளின் மேல் ஒட்டப்பட்ட பெயராக வாழ்கிறது. உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம் எத்தனை நாள் அங்கே நிற்கிறது, எப்போது விலகுகிறது, அதன் இடத்துக்கு மற்றொன்று எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றில் இப்பாம்பின் நஞ்சுக்குத் தனி இடம் உண்டு.

வினா எளியதாகத் தோன்றும். உண்மையில் அது நெடுங்காலம் கேட்கப்படவே இல்லை. வளர்ந்து முடிந்த உடலின் புரதங்கள் கட்டிமுடித்த வீட்டின் செங்கற்களைப் போல நிலைத்தவை என்றும், உண்ணும் உணவு அன்றாடத் தேய்மானத்தை மட்டும் ஈடுசெய்கிறது என்றும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பெரும்பாலோர் கருதினர். இக்கருத்தைத் தகர்த்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், கனநைட்ரஜன் சேர்த்த அமினோ அமிலங்களை எலிகளுக்கு ஊட்டினார். அந்நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும் என்று பழைய கோட்பாடு எதிர்பார்த்தது. நடந்ததோ வேறு: அதன் பெரும்பகுதி உடலின் புரதங்களுக்குள்ளேயே புகுந்திருந்தது. எலியின் எடை மாறவில்லை. ஆனால் எலி மாறிக்கொண்டே இருந்தது. ஷோன்ஹைமர் 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய விரிவுரைகள் மறு ஆண்டு நூலாக வந்தன.

எனினும் அவருடைய முறைக்கு ஓர் எல்லை இருந்தது. உறுப்பை அரைத்துக் கூழாக்கித்தான் கனநைட்ரஜனை அளக்க முடியும். கல்லீரல் புரதங்கள் எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படுகின்றன என்று அதனால் சொல்லலாம். ஓர் உயிரணுவின் மேற்பரப்பில், குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்துக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல இயலாது. அதற்கு இரண்டு தேவைப்பட்டன: அப்புரதத்தை மட்டும் பற்றிக்கொண்டு எளிதில் விடாத ஓர் அடையாளம், உயிரணுவைக் கொல்லாமலே அவ்வடையாளத்தைக் காணும் கண். முதலாவதைப் பாம்பு தந்தது. இரண்டாவதை ஒளிர்வு நுண்ணோக்கி தந்தது.

பாம்பின் கதை தைவானில் தொடர்கிறது. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் லீ சென்-யுவான், சாங் சுவான்-சியுங் ஆகிய மருந்தியலாளர்கள் பல்பட்டைக் கட்டுவிரியனின் நஞ்சை மின்புலத்தின் உதவியால் பிரித்தெடுத்தனர். 1963-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு அந்நஞ்சில் வெவ்வேறு வகையில் செயல்படும் நச்சுகள் கலந்திருப்பதைக் காட்டியது. அவற்றுள் பீட்டா-பங்காரோடாக்சின் நரம்பு நுனியைத் தாக்கியது. ஆல்ஃபா-பங்காரோடாக்சின் நரம்பை விட்டுவிட்டுத் தசையைத் தாக்கியது. நரம்பு தன் செய்தியை அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளாகத் தசையின் மேல் தூவுகிறது. தசைப்பரப்பில் உள்ள ஏற்பிகள் அதைப் பெற்றுத் தசையைச் சுருங்கச் செய்கின்றன. ஆல்ஃபா நச்சு அவ்வேற்பியின் மேல் அமர்ந்துகொண்டது. அமர்ந்தபின் எளிதில் எழவும் இல்லை. 74 அமினோ அமிலங்களே கொண்ட இச்சிறு புரதத்தின் அந்தப் பிடிவாதமே அதன் புகழுக்குக் காரணம்.

கட்டுவிரியன் தீண்டியவரிடம் பெரும்பாலும் வலியோ வீக்கமோ மிகுதியாக இராது. இரவில் உறக்கத்தில் கடிபட்டவர் காலையில் இமைகளை உயர்த்த முடியாமல் தவிப்பார். பிறகு பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும், இறுதியில் மூச்சு நிற்கும். இதே வரிசையில், ஆனால் பாம்பு எதுவும் தீண்டாமலே, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தசைகளைத் தளர்த்தும் நோய் ஒன்று உண்டு. மயஸ்தீனியா கிராவிஸ் என்பது அதன் பெயர். அதுவும் பலருக்கு இமைகளில்தான் தொடங்குகிறது. காலையில் குறைவாகவும் மாலையில் மிகுதியாகவும் வருத்துகிறது. 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதி மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர், இந்நோயின் அறிகுறிகள் குராரே நஞ்சேறிய நிலையை ஒத்திருப்பதைக் கண்டு, அந்நஞ்சுக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மின் மருந்தை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். தொங்கிய இமைகள் சற்று நேரத்துக்கு உயர்ந்தன. நஞ்சு எதுவும் இல்லாத உடலில் நஞ்சுமுறிவு ஏன் வேலை செய்தது என்பதை அன்று எவராலும் விளக்க இயலவில்லை. விளக்கத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

1970-களின் தொடக்கத்தில் பங்காரோடாக்சினோடு கதிரியக்க அயோடினைப் பிணைக்கும் வழக்கம் பரவியது. தசையின் மேல் அந்நச்சை ஊற்றிக் கழுவினால், ஒட்டி நிற்கும் கதிரியக்கமே ஏற்பிகளின் கணக்கு. பால்டிமோர் நகரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையில் இருந்த டக்ளஸ் ஃபாம்ப்ரோ இம்முறையில் கைதேர்ந்தவர். அதே நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நரம்பு மருத்துவரான டேனியல் டிராக்மன் மயஸ்தீனியா நோயாளிகளைக் கவனித்து வந்தார். இவ்விருவரும் சத்யமூர்த்தி என்னும் ஆய்வாளரும் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரை, நோயாளிகளின் நரம்புத்தசைச் சந்திகளில் ஏற்பிகள் இயல்பான அளவில் 11 முதல் 30 விழுக்காடு மட்டுமே இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் ஆகியோர் வேறொரு நோக்கத்துக்காக மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். எதிர்ப்பொருள் பெறுவதே அவர்கள் விருப்பம். எதிர்ப்பொருள் உருவாயிற்று; கூடவே முயல்கள் தளர்ந்து விழுந்தன. மயஸ்தீனியா என்பது உடல் தன் ஏற்பிகளுக்கு எதிராகத் தானே எதிர்ப்பொருள் உண்டாக்கும் நோய் என்பது புலப்பட்டது.

ஏற்பிகள் ஏன் குறைகின்றன? எதிர்ப்பொருள் அவற்றை மறைக்கிறதா, உற்பத்தியைத் தடுக்கிறதா, அழிவை விரைவுபடுத்துகிறதா? எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து, வரத்துக் குறைந்ததா மதகு திறந்துகிடக்கிறதா என்று கண்டுகொள்ள முடியாதது போலத்தான் இதுவும்.

மதகை அளக்கும் வழியை ஃபாம்ப்ரோவும் அவருடைய மாணவர் பீட்டர் டெவ்ரியோட்ஸும் 1975-இல் வகுத்துத் தந்தனர். கண்ணாடிக் கலத்தில் வளர்த்த கோழிக்கருத் தசையிழைகளின் ஏற்பிகளைக் கதிரியக்க நச்சால் நிரப்பி, மீதியைக் கழுவிவிட்டுக் காத்திருந்தனர். கதிரியக்கம் மெல்ல மெல்ல வளர்ப்பு நீரில் வந்து சேர்ந்தது. வந்தது முழு நச்சு அன்று. அயோடின் ஏறிய டைரோசின் என்னும் ஒற்றை அமினோ அமிலம். நச்சு வெறுமனே கழன்று விழவில்லை. ஏற்பியோடு சேர்ந்து உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே சிதைக்கப்பட்டு, எச்சம் மட்டும் வெளியே தள்ளப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. வளர்ப்புத் தசையில் ஏற்பியின் அரையாயுள் ஏறத்தாழ ஒரு நாள். வளர்ந்த விலங்கின் நரம்புத்தசைச் சந்தியிலோ அது நாட்கணக்கில் நீண்டது என்று அக்காலத்திலேயே பிற ஆய்வகங்கள் காட்டின; அவற்றுள் ஒன்று தைவானில் அதே சாங்கின் ஆய்வகம். ஒரே புரதம், ஒரே தசை. நரம்பு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் நெடிய வாழ்வு.

இவ்வளவுகோல் கைக்கு வந்ததும் டிராக்மன் விடையை எட்டினார். 1977-இல் அவரும் காவோவும் நோயாளிகளின் எதிர்ப்பொருளை வளர்ப்புத் தசையில் சேர்த்தபோது ஏற்பிகளின் சிதைவு இரண்டு மூன்று மடங்கு விரைந்தது. மறு ஆண்டு வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. எதிர்ப்பொருளுக்குப் பற்றும் கைகள் இரண்டு. ஒரு கை மட்டுமுள்ள துண்டைச் சேர்த்தால் சிதைவு விரையவில்லை. அவ்வொற்றைக் கைத் துண்டுகளையே வேறோர் எதிர்ப்பொருளால் இணைத்ததும் விரைந்தது. ஆக, குற்றம் தொடுவதில் இல்லை. இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துக் கட்டுவதில் இருந்தது. கட்டுண்ட ஏற்பிகளை உயிரணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. நஞ்சில்லாமல் தோன்றும் நஞ்சேற்றத்துக்கு நாற்பதாண்டு கழித்துக் கிடைத்த விளக்கம் இது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு தூய சோதனைகள் அரிது.

ஆயினும் கதிரியக்க முறைக்குக் கண் இல்லை. அது எண்ணிக்கை தரும், இடம் காட்டாது. ஒரே சந்தியை இன்றும் நாளையும் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு நாளுக்கும் வேறு வேறு விலங்கைக் கொன்று அளந்து சராசரி காண வேண்டும். இங்கேதான் ஒளிர்வு நுண்ணோக்கி நுழைகிறது.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை விழுங்கி உடனே வேறு நிற ஒளியை உமிழும். ஃப்ளூரசின் நீல ஒளியில் பச்சையாகவும், ரோடமின் பச்சை ஒளியில் செம்மஞ்சளாகவும் ஒளிரும். தூண்டும் ஒளியை வடிகட்டியால் தடுத்து, உமிழும் ஒளியை மட்டும் கண்ணுக்கு விட்டால், இருண்ட வானில் விண்மீன் போல அப்பொருள் மட்டும் தெரியும். 1941-இல் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளோடு பிணைத்தபோது, குறிப்பிட்ட மூலக்கூறு இருக்கும் இடத்தைக் கண்ணால் காணும் கலை பிறந்தது. அவருடைய முதல் சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலமாக ஒளிர்வதால் இரண்டும் குழம்பின. மறு ஆண்டே ஃப்ளூரசினுக்கு மாறினார். ஆய்வுக்கூடங்களில் இன்றும் பச்சை நிறம் கோலோச்சுவதற்கு அக்குழப்பமும் ஒரு காரணம்.

உயிரணுவின் மேற்பரப்பு உறைந்த சுவரன்று என்பதையும் ஒளிர்வே காட்டியது. 1970-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிரையும் எடிடினும் மனித உயிரணுவையும் எலியின் உயிரணுவையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறச் சாயம் ஏற்றினர். ஒருபாதி பச்சை, மறுபாதி சிவப்பு என நின்றவை நாற்பது நிமிடங்களுக்குள் பெரும்பாலும் கலந்துவிட்டன. 1976-இல் கார்னெலில் ஆக்சல்ராடும் வெப்பும் சகாக்களும் ரோடமின் பூட்டிய பங்காரோடாக்சினைத் தசையிழைகளில் ஏற்றி, லேசர் ஒளியால் ஒரு புள்ளியை மட்டும் வெளிறச் செய்து, அப்புள்ளியில் ஒளி மீள்கிறதா என்று பார்த்தனர். ஏற்பிகள் பரவலாக இருந்த பகுதியில் ஒளி மீண்டது. அக்கம்பக்கத்து ஏற்பிகள் நகர்ந்து வந்து நிரப்பின. ஏற்பிகள் திரளாகக் குவிந்த இடத்தில் இருட்டு அப்படியே நின்றது.

மேற்பரப்பில் நகர்வது வேறு, மேற்பரப்பை விட்டு விலகுவது வேறு. பின்னதைக் காண நாட்கணக்கில் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். உயிருள்ள விலங்கில் அதைச் செய்து காட்டியவர் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப் லிக்ட்மன். எலியின் கழுத்தில் மார்பெலும்பிலிருந்து காதின் பின்புறம் செல்லும் ஒரு தசை தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது. விலங்கை மயக்கி, தோலைச் சற்றே திறந்து, ஒரு சந்தியைப் படமெடுத்து, மீண்டும் தைத்துவிட்டு, வாரங்கள் கழித்து அதே சந்தியைத் தேடிப் பிடிக்கலாம். 1987-இல் அவரும் சகாக்களும் ஒரே சந்தியை மாதக்கணக்கில் தொடர்ந்து கண்டனர். பிரெட்செல் என்னும் முறுக்கிய தின்பண்டத்தின் வடிவை ஒத்த அச்சந்திகள் ஏறக்குறைய மாறாமலே நின்றன. வடிவம் நிலைத்தது, அதை ஆக்கிய ஏற்பிகள் நிலைத்தனவா?

ஒளியின் மங்கலை அளந்தால் போதும் என்று தோன்றலாம். ஒளி மங்குவதற்கோ காரணங்கள் பல. ஏற்பி உள்ளே போயிருக்கலாம். சாயம் வெளிறியிருக்கலாம். நச்சு கழன்றிருக்கலாம். நுண்ணோக்கியின் விளக்கே பழசாகியிருக்கலாம். விளக்கு என்பது அற்பக் காரணமாகத் தெரியும். ஆனால் பத்து நாள் இடைவெளியில் இரு படங்களின் பிரகாசத்தை ஒப்பிட முனைந்த எவரும் அதை அற்பம் என்று சொல்லமாட்டார். 1996-இல் டர்னி, கலிகன், லிக்ட்மன் மூவரும் இதற்கென்றே ஒரு முறையை வெளியிட்டனர்: வெளிறாத ஒளிரும் படிமம் ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் படமெடுத்து, அதை உரைகல்லாகக் கொண்டு சந்தியின் ஒளியை அளப்பது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இத்தகைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. அடுத்து வந்தது அதன் மேல்தான் நின்றது.

1999-இல் முகம்மது அக்காபூனும் லிக்ட்மன் குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் அறிவித்த முடிவு பலரை வியக்கச் செய்தது. ஒளிரும் நச்சை மிகச் சிறிதளவே ஏற்றி, சில ஏற்பிகளை மட்டும் அடையாளமிட்டு, மற்றவை இயல்பாகச் செயல்பட விட்டால், ஏற்பிகளின் அரையாயுள் ஏறத்தாழ 14 நாட்கள். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி செல்வதை முற்றிலும் தடுத்தால், இரண்டே மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகிறது: அரையாயுள் ஒரு நாளுக்கும் குறைவு, இழப்பின் வேகம் ஏறத்தாழ 25 மடங்கு. நரம்புச் செய்தி இல்லாவிட்டாலும் தசையை மின்னால் நேராகத் தூண்டிக்கொண்டிருந்தால் அவ்விழப்பு தடுக்கப்படுகிறது. ஆக, ஏற்பி தன் இடத்தில் நிற்பதும் விலகுவதும் தசை இயங்குவதைப் பொறுத்தது. விலகிய ஏற்பிகளும் உடனே மறையவில்லை. சந்தியின் ஓரத்தில் மணிக்கணக்கில் தங்கியிருந்து, பிறகே உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டன. இடையில் செய்தி மீண்டால் அவற்றுள் சில மீண்டும் சந்திக்குள் வந்து சேர்ந்தன.

இம்முடிவில் ஒரு கசப்பும் உண்டு. பங்காரோடாக்சின் அளவுகோல் மட்டுமன்று, நஞ்சும்கூட. அதைக் கொண்டு எல்லா ஏற்பிகளையும் நிரப்பினால் செய்தி நின்றுவிடும். செய்தி நின்றால் ஏற்பிகள் விரைந்து விலகும். அதாவது, ஏற்பிகள் எத்தனை நாள் வாழ்கின்றன என்று கேட்பதற்காக இடப்பட்ட பொருளே அவற்றின் வாழ்நாளைக் குறைத்துவிடும். உயிருள்ள விலங்கில் நச்சைத் தாராளமாக இட்டுப் பெற்ற பழைய எண்களை ஐயத்தோடு பார்க்கவேண்டிய நிலை ஏற்பட்டது. குறைந்த ஒளியையும் நுட்பமாக அளக்கும் திறன் வந்த பிறகே குறைந்த நச்சைக் கொண்டு அளக்க முடிந்தது. 1996-இன் உரைகல் இல்லாமல் 1999-இன் முடிவு இல்லை.

அடுத்த வியப்பு 2002-இல் வந்தது. ஒளிரும் நச்சின் மேல் வலிமையான ஒளியைப் பாய்ச்சினால், சாயம் வெளிறுவதோடு நில்லாமல், நச்சே ஏற்பியை விட்டுக் கழன்றுவிடுகிறது என்று அதே குழுவினர் கண்டனர். அளவீட்டுக்குத் தீங்கான இப்பண்பை அவர்கள் கருவியாக்கிக்கொண்டனர். சந்தியின் ஒரு மூலையில் மட்டும் நச்சைக் கழற்றி, அவ்விடத்தில் வெறுமையான ஏற்பிகளுக்கு வேறு நிறம் ஏற்றி, இரு நிறங்களும் எவ்வாறு கலக்கின்றன என்று பார்த்தனர். மாதக்கணக்கில் வடிவம் மாறாத சந்திக்குள் ஏற்பிகள் சில நாட்களில் இடம் மாறிக் கலந்துவிட்டன.

உள்ளே போன ஏற்பி அழிந்தே தீரவேண்டுமா என்பது எஞ்சிய வினா. எல்லா ஏற்பிகளுக்கும் அது விதியன்று என்பது முன்பே தெரிந்திருந்தது. டல்லஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்த கொழுப்புத்துகள் ஏற்பி ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உயிரணுவுக்குள் சென்று, சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. இருபது மணி நேர வாழ்வில் நூறு முறைக்கு மேல் இந்தப் போக்குவரத்து. இத்தகைய மீள்பயணத்தை ஒளிர்வின் மூலம் நுணுகி ஆராய்ந்தவர்களுள் இந்தியரான சத்யஜித் மேயரும் ஒருவர். கொலம்பியாவில் ஃபிரெட் மாக்ஸ்ஃபீல்டுடன் 1993-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒளிரும் கொழுப்பு மூலக்கூறும் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் ஏற்பியும் ஒரே வேகத்தில் மேற்பரப்புக்கு மீள்வதைக் காட்டியது. திரும்பி வருவதற்குத் தனிச் சீட்டு எதுவும் தேவையில்லை, சவ்வு திரும்பும்போது அதில் இருப்பவையும் திரும்புகின்றன என்பது அதன் பொருள். பின்னர் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவருடைய குழு, கொழுப்பு நங்கூரத்தால் மேற்பரப்பில் நிற்கும் புரதங்கள் வழக்கமான வாயில்களை விடுத்துத் தனி வழியில் உள்ளே செல்வதை 2002-இல் விளக்கியது.

தசையின் ஏற்பி திரும்புகிறதா என்பதற்கு 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அக்காபூனின் ஆய்வகம் விடை தந்தது. முறை எளியது, அழகியது. நச்சோடு பயோட்டின் என்னும் சிறு கொக்கியைப் பிணைத்தனர். கொக்கியில் மாட்டும் ஸ்டிரெப்டாவிடின் புரதத்துக்கு ஒரு நிறம் ஏற்றினர். ஏற்பி உயிரணுவுக்குள் போய்த் திரும்பும்போது நச்சும் கொக்கியும் ஒட்டியே இருந்தன. ஸ்டிரெப்டாவிடின் மட்டும் உள்ளே கழன்றுவிட்டது. சில நாள் கழித்து வேறு நிற ஸ்டிரெப்டாவிடினை ஊற்றினால், போய்த் திரும்பிய ஏற்பிகள் மட்டுமே அப்புது நிறத்தை ஏற்கும். ஏற்றன. சந்தியில் நிற்பவை புதிதாய்ப் பிறந்தவை மட்டுமல்ல. போய் மீண்டவையும் அங்கே கலந்து நின்றன.

இதற்கிடையில் ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரதம் வந்து உயிரியலையே மாற்றியிருந்தது. மேற்பரப்பை மட்டும் காணவேண்டிய ஆய்வாளருக்கு அதில் ஓர் இடையூறு உண்டு: அது பிறந்த கணம் முதல் உள்ளும் புறமும் ஒருங்கே ஒளிர்கிறது. 1998-இல் மீசன்பெக்கும் ராத்மனும் அதைத் திருத்தி, அமிலச் சூழலில் மங்கும் வகையை உண்டாக்கினர்; உயிரணுவின் அமிலப் பைகளுக்குள் இருளும் அது, மேற்பரப்பை எட்டியதும் ஒளிரும். இன்னொரு வழியும் இருந்தது. 2004-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செகினே-ஐசாவாவும் ஹுகானிரும், பங்காரோடாக்சின் பற்றிக்கொள்ளும் 13 அமினோ அமிலத் துண்டு ஒன்றை மூளையின் குளுட்டமேட் ஏற்பிகளில் பொருத்தினர். நச்சு உயிரணுவுக்குள் நுழையாது. ஆகவே அது பற்றுவதெல்லாம் அக்கணத்தில் மேற்பரப்பில் நிற்பவை மட்டும். தசையை முடக்கவந்த நஞ்சு, மூளையின் ஏற்பிகள் வந்துபோவதை எண்ணும் பணிக்கு மாற்றப்பட்டது.

மயஸ்தீனியாவின் கதையும் இச்சுழற்சியின் மறுபக்கத்திலிருந்துதான் தொடர்ந்தது. ஏற்பிகளைக் கட்டிப் பிணைக்கும் எதிர்ப்பொருளின் வாழ்நாளே வியப்புக்குரியது. மனித இரத்தத்தில் அதன் அரையாயுள் ஏறத்தாழ மூன்று வாரம். பிற புரதங்களுக்கு இவ்வளவு நீடித்த வாழ்வு அரிது. ஏதோ ஓர் ஏற்பி அதை அழிவிலிருந்து காக்கிறது என்று 1960-களிலேயே பிராம்பெல் ஊகித்தார். டெக்சாஸில் சாலி வார்டும் ரைமுண்ட் ஓபரும் 2004-இல் அதை ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் கண்டனர்: உயிரணு விழுங்கிய எதிர்ப்பொருளை, அமிலப் பைகளுக்குள் அக்காவல் ஏற்பி பற்றிக்கொள்கிறது, மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, நடுநிலை நீரில் விடுவிக்கிறது. காவல் ஏற்பியைப் பற்ற இயலாதவாறு மாற்றிய எதிர்ப்பொருள் சிதைவுப் பைகளுக்குச் சென்று அழிகிறது. மறு ஆண்டே அவர்கள், அக்காவலைத் தானே பிடித்துக்கொண்டு மற்ற எதிர்ப்பொருள்களுக்கு இடமில்லாமல் செய்யும் மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தனர்.

அவ்வழியில் பிறந்த எஃப்கார்டிகிமோட் என்னும் மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மயஸ்தீனியாவுக்காக ஒப்புதல் அளித்தது. அது தசையின் ஏற்பியைத் தொடுவதே இல்லை. எதிர்ப்பொருளைக் காப்பாற்றும் மீள்பயணத்தை மட்டும் அடைத்து, அதைச் சிதைவுக்கு அனுப்புகிறது. வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் இரத்தநாளத்தில் ஏற்றப்படுகிறது. எதிர்ப்பொருளின் அளவு இறங்குகிறது, கட்டவிழ்ந்த ஏற்பிகள் சந்தியில் நிற்கும் நாட்கள் நீள்கின்றன, இமை உயர்கிறது. எதிர்ப்பொருள் மீண்டும் ஊறி அளவு ஏறும்போது, இமை மறுபடி தளரத் தொடங்குவதைக் கண்டு, மருத்துவர் அடுத்த நான்கு வாரச் சுற்றுக்கு நாள் குறிக்கிறார்.